மாதத்தின் மனிதர்

மனிதனாக இருப்பதற்கும் மதிப்பெண் உண்டு என்பது பீமராவுக்கு ஐம்பத்திரண்டாவது வயதில்தான் தெரியவந்தது. நூற்றுக்கு நாற்பத்தொன்று வாங்கினார்.

அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். பத்தாம் வகுப்புக் கணக்கில் வாங்கியதைவிட ஆறு கூடுதல்தானே. பெயர்தான் பீமன், உடம்பு அகத்திக்கீரைத் தண்டு. காந்தி மார்க்கெட்டில் ஒரு லாரி பார்சல் ஆபீஸில் இருபத்து நான்கு வருடம் புக்கிங் கிளார்க்காக இருந்தார். முதலாளி ஒருநாள் ஷட்டரை இறக்கினார், மறுநாள் ஏற்றவில்லை. அதன்பிறகு பீமராவ் தன் பழைய மொபெட்டோடு ‘இணைகரம் கூட்டு விநியோகம்’ என்ற நிறுவனத்தில் சேர்ந்தார்.

இணைகரத்தின் அலுவலகம் காட்டூரில் ஒரு டைல்ஸ் கடைக்கு மாடியில் இருந்தது. படியேறியதும் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும்: ‘இயந்திரம் சிந்திக்கும், மனிதர் புன்னகைப்பார்.’ பீமராவ் அதை முதல் நாள் படித்தபோது வேலை சுலபமாக இருக்கும்போலிருக்கிறது என்று நினைத்தார். புன்னகைக்குப் பரீட்சை வைப்பார்கள் என்று அவர் கண்டாரா?

ஒவ்வொரு பார்சலை வாங்கும்போதும் செல்போனைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துச் சிரிக்க வேண்டும். அடுத்தவர் கையில் கொடுக்கும்போது இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்க வேண்டும். போன் அந்தச் சிரிப்பை அளந்து மதிப்பெண் போடும். பீமராவுக்கு மேல்வரிசையில் ஒரு பல் சற்று முன்னால் வந்து எட்டிப் பார்க்கும். அதை மறைத்துச் சிரித்தால் ‘வலியில் இருக்கிறீர்களா?’ என்று கேட்டது. மறைக்காமல் சிரித்தால் ‘வாயில் உணவு உள்ளது’ என்றது. கண்ணாடி முன் நின்று பழகினார். அனுசுயா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “ஏங்க, கல்யாணத்தப்ப போட்டோக்காரன் கெஞ்சினான், அப்பச் சிரிக்கலை நீங்க. இப்ப யாரு கெஞ்சுறாங்க?” என்றாள்.

செல்போனில் இருந்த அந்தச் செயலிக்கு வண்டிக்காரர்கள் வைத்திருந்த பெயர் மாமியார். நின்றால் ஏன் நின்றாய் என்று கேட்கும். வேகமாகப் போனால் ஏன் பறக்கிறாய் என்று கேட்கும். டீக்கடைப் பக்கம் திரும்பினால் ‘உங்கள் பாதை மாறுகிறது’ என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி சொல்லும். எல்லாவற்றையும் இன்முகத்தோடு பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நிறுவனத்தின் பெயரிலேயே கூட்டு இருந்ததால், எந்தப் பார்சலும் குறைந்தது மூன்று கை மாறித்தான் போய்ச்சேர வேண்டும் என்பது விதி. ஒருவரே கொண்டுபோய்க் கொடுத்தால் அது வெறும் டெலிவரி. மூன்று பேர் கொண்டுபோனால்தான் ஒத்துழைப்பு. வடக்கு அடையவளஞ்சான் வீதியில் ஒருவர், இடுப்புப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல், எதிர்வீட்டுச் சாவியை எதிர்வீட்டுக்காரருக்கு அனுப்பினார். சாவி பீமராவ் கையில் ஏறி, மாம்பழச்சாலைக்குப் போய், அங்கிருந்து சத்திரம் பஸ் நிலையத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து எதிர்வீட்டுக்கு வந்தது. அவ்வளவு நேரமும் அனுப்பியவர் இந்த ஜன்னலிலும், வாங்க வேண்டியவர் பூட்டிய வாசலிலுமாக, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே செல்போனில் சாவி போகும் வழியைத் தொடர்ந்தார்கள். “இப்பப் பாலத்து மேல போயிட்டு இருக்கு சார்!” என்று ஒருவர் கூவ, “பாத்துட்டேன், பாத்துட்டேன்!” என்று மற்றவர் கூவினார்.

பீமராவுக்கு அடுத்த கை பெரும்பாலும் நசுருதீன். நாற்பது வயது, பாலக்கரைக்காரர், நல்ல சிரிப்பு. எண்பத்தெட்டுக்குக் குறையாது. ஒருநாள் மூன்றாம் கையாக வரவேண்டியவர் வராமல் போக, மாமியார் நசுருதீனையே இரண்டாம் கையாகவும் மூன்றாம் கையாகவும் நியமித்துவிட்டது. அவர் நடுரோட்டில் நின்று பார்சலை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றி, இரண்டு தரம் சிரித்துவிட்டுப் போனார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்க பீமராவுக்கு யோக்கியதை கிடையாது. ஏனென்றால் இணைகரத்திலேயே அதிகம் கீழ்ப்படிந்தவர் அவர்தான். சிரிப்பில் விட்டதைக் கீழ்ப்படிதலில் பிடித்துவிடலாம் என்று அவர் ஒரு கணக்குப் போட்டிருந்தார்.

மாசி மாதத்தில் ஒருநாள் தெற்கு உத்திர வீதியில் ஒரு வீட்டுக்குப் பார்சல். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி ஒரு மதிலுக்கு உள்ளே. சித்திரை வீதி அதே மதிலுக்கு வெளியே. வாசல் வழியாகத்தான் போய்வர முடியும் என்பது அந்த ஊர் ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். மாமியாருக்குத் தெரியாது. தெற்குச் சித்திரை வீதியில், வீடுகளுக்கு நடுவே மதில் தெரியும் ஓர் இடைவெளியில் பீமராவை நிறுத்தி, ‘நேராக நாற்பது மீட்டர் செல்லவும்’ என்றது. நேரே கருங்கல் மதில். கிழக்கே ஐம்பது அடியில் வாசல். திருவானைக்காவலிலேயே பிறந்து, ஐந்து வயதிலிருந்து இந்த வீதிகளில் தேர்வடம் பிடித்த மனிதர் அவர். ஆனால் மாமியார் திரையில் போட்டுக் காட்டும் நீலக் கோட்டை விட்டு விலகினால் இரண்டு மதிப்பெண் போய்விடும்.

அவர் நேராகப் போனார். மதிலைத் தொடும்வரை போனார். தொட்டபடி, மாமியார் மனம் மாறுமா என்று கண்ணை மூடிக் காத்திருந்தார்.

அந்தப் பக்கமாக வந்த ஒருவர், ஒரு பெரியமனிதர் மதிலைத் தொட்டுக்கொண்டு உருகி நிற்பதைப் பார்த்தார். தானும் வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள். “என்ன சந்நிதிங்க இது?” என்று ஒருத்தி மெல்லக் கேட்க, முதலில் வந்தவர், “தெரியலை, ஆனா விசேஷம்னு தோணுது” என்றார். பத்து நிமிடம் கழித்து பீமராவ் கண்ணைத் திறந்தபோது யாரோ கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். எட்டுப் பேர் கைகூப்பி நின்றார்கள். செருப்பை மட்டும் கழற்றிவிட்டு அவரும் கும்பிட்டார்.

காட்டூரில் மேலாளர் செந்தமிழனிடம் இதை முறையிட்டபோது அவர் கனிவாகக் கேட்டுக்கொண்டார். அவர் பதவிக்குப் பெயர் ‘மனிதப் பங்கு மேலாளர்’. திருச்சிக்கு வந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. ஸ்ரீரங்கத்தைத் திரையில் தினமும் பார்ப்பவர், பாலம் தாண்டி ஒருதரமும் போனதில்லை.

“பீமராவ் சார், அந்தச் சுவர் எப்பக் கட்டினது?”

“அது ஆச்சுங்க, எத்தனையோ நூறு வருஷம்.”

“எங்க மேப்பு போன மாசம் அப்டேட் ஆனது. எது லேட்டஸ்ட்? நீங்களே சொல்லுங்க.”

பீமராவ் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார். இப்படி அசைக்க முடியாத கீழ்ப்படிதலுக்காகவே, பங்குனியில் ‘மனிதப் பங்கு தினம்’ கொண்டாடியபோது அவருக்கு ‘மாதத்தின் மனிதர்’ விருது கொடுத்தார்கள். டைல்ஸ் கடை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, எல்லாருக்கும் கேசரி வைத்து, செந்தமிழன் பேசினார்.

“நண்பர்களே, எல்லாத்தையும் சிஸ்டமே பண்ணா மனுஷன் எதுக்குன்னு நிறையப் பேரு கேக்கறாங்க. நல்ல கேள்வி. சிஸ்டம் வழி சொல்லும். ஆனா வழி தப்பாப் போச்சுன்னா அது மன்னிப்புக் கேக்குமா? கேக்காது. மழை பேஞ்சா நனையுமா? நனையாது. கஸ்டமர் திட்டுனா அதுக்கு வலிக்குமா? வலிக்காதுங்க! திட்டு வாங்குறவனுக்கு வலிக்கலைன்னா, திட்டுன கஸ்டமருக்குத் திருப்தி எங்கேருந்து வரும்? அங்கதான் நீங்க வர்றீங்க. அதுதான் மனிதப் பங்கு. எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும் உங்களை அந்த இடத்துலேருந்து அசைக்க முடியாது!”

கைதட்டல் எழுந்தது. பலமாகத் தட்டியது பீமராவ். எதற்குத் தட்டுகிறோம் என்பது பாதியில் புரிந்துவிட்டது. நடுவில் நிறுத்தினால் மரியாதைக் குறைவாக இருக்குமே என்று கடைசிவரை தட்டினார்.

கண்ணாடிக் கேடயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அனுசுயா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“மாதத்தின் மனிதர்னா, இந்த ஒரு மாசத்துக்குத்தானா? இருபத்தாறு வருஷமா நான் யாரோட குடும்பம் நடத்தினேன்?”

“கிண்டல் பண்ணாத. ஐந்நூறு பேர்ல ஒருத்தன்.”

“மிச்சம் நானூத்தித் தொண்ணூத்தொம்பது பேரும் என்னவா இருக்காங்களாம்?” என்று கேட்டுவிட்டு, கேடயத்தைப் பெருமாள் படத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் கீழே வைத்தாள்.

இந்தப் பெருமையில் அவர் மிதந்துகொண்டிருந்த சமயத்தில்தான் வேணியின் பெட்டி வந்தது.

வேணிக்கு மேல உத்திர வீதியில் வாடகை வீடு. ஏழு மாதத்தில் பிறந்துவிட்ட ஆண் குழந்தை தில்லைநகரில் ஒரு மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. எடை ஆயிரத்து நூற்றைம்பது கிராம். ஆபரேஷன் செய்த உடம்பு என்பதால் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் கணவன் ரெங்கராஜ், எப்போது கூப்பிடுவார்களோ என்று மருத்துவமனை வராந்தாவிலேயே கிடந்தான். டாக்டர் ஒரே வார்த்தைதான் சொல்லியிருந்தார்: இவனுக்குத் தாய்ப்பால்தான் மருந்து. ஆகவே காலையும் மாலையும் வேணி பாலை எடுத்து, சின்னப் பாட்டிலில் அடைத்து, ஐஸ் வைத்த தெர்மோகோல் பெட்டியில் அனுப்ப வேண்டும்.

முதல் நாள் மாமியார், பொருள் என்ன என்று கேட்டது. வேணி ‘பால்’ என்று தட்டினாள். பசு, எருமை, ஆடு, பாக்கெட் என்று நான்கு வகை காட்டியது.

“அண்ணே, இதுல நான் எது?” என்று கேட்டாள். சிரிப்பதா அழுவதா என்று அவள் முகத்துக்கே தெரியவில்லை.

பீமராவ் யோசித்து ‘வீட்டுத் தயாரிப்பு’ என்பதில் போட்டார். தயாரிப்பு நிலையத்தின் உரிம எண் கேட்டது. வாசல் கதவு எண்ணைப் போட்டார்கள், ஏற்றுக்கொண்டது. அடுத்து எடை. தராசில் தொங்கவிட்டுப் படம் எடுத்தால், ஒரு கிலோவுக்குக் குறைந்த உணவுப் பார்சல் கூட்டு விநியோகத்துக்குத் தகுதியற்றது என்று வந்தது. வேணி உள்ளே போய் ஒரு கிலோ கல்லுப்புப் பாக்கெட்டைக் கொண்டுவந்து பெட்டியோடு கட்டினாள். மாமியார் பச்சை விளக்குக் காட்டியது. பீமராவ் சிரித்தார். முப்பத்தொன்பது.

அன்று முதல் ஒவ்வொரு பாலோடும் ஒரு பாக்கெட் உப்பும் காவிரியைத் தாண்டியது. மருத்துவமனையில் அந்த வார்டு நர்ஸ் லூர்துராணி நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, இதிலும் இரண்டாம் கை, மூன்றாம் கை இரண்டுமாக வந்த நசுருதீனைப் பிடித்துக்கொண்டாள். “ஏங்க, எங்க வார்டுல எட்டுக் கிலோ உப்பு இருக்கு. உங்க கம்பெனியில பாலுக்கு உப்பு இலவசமா, இல்ல உப்புக்குப் பால் இலவசமா?” நசுருதீன் விஷயத்தைச் சொன்னார். அன்றிலிருந்து, சாயங்காலப் பெட்டியை பீமராவிடம் வாங்கத் திரும்பும் நசுருதீனிடம் உப்பைத் திருப்பிக் கொடுத்தனுப்பினாள். கூடவே குழந்தையின் அன்றைய எடையையும் சொல்லி அனுப்பினாள்.

அந்த எடைதான் பீமராவைப் பிடித்துக்கொண்டது. “இன்னிக்குப் பதினஞ்சு கிராம் ஏறியிருக்கான்ணே.” “இன்னிக்கு இருபது.” இருபத்து நான்கு வருடம் குவிண்டால் கணக்கில் எடை எழுதிய மனிதர், பதினைந்து கிராம் என்பது எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டார். திருவானைக்காவலுக்குத் திரும்பி வந்ததும் அனுசுயா தண்ணீர் கொடுக்கும் முன்பே, “எவ்வளவு?” என்று கேட்பாள்.

சித்திரைத் தேருக்கு முந்தின நாள் நசுருதீன் சிரிக்காமல் வந்தார். “நேத்து வேணிக்குப் பால் பத்தலைண்ணே. பவுடர் பால் கொடுத்துப் பாத்திருக்காங்க. புள்ளைக்கு வயிறு உப்பிக்கிச்சு. இருபத்தஞ்சு கிராம் இறங்கிட்டான். நாளைக் காலையில ஒம்பது மணிக்குள்ள தாய்ப்பால் வந்தே ஆகணும்னு நர்ஸம்மா சொல்லுது.”

“வந்துரும்” என்றார் பீமராவ், மாதத்தின் மனிதர் என்ற தைரியத்தில்.

தேர் அன்று வண்டியைக் கோபுரத்துக்கு வெளியே விட்டுவிட்டு நடந்துதான் போகவேண்டும், அதுவும் விடிவதற்குள் போய் வெளியே வந்துவிட வேண்டும் என்பது அவருக்கு நாற்பத்தேழு வருடமாகத் தெரிந்த விஷயம். முதல் தவறு, மாமியாரைக் கேட்டது. விடிகாலையில் அது, சித்திரை வீதிகளில் பல்லாயிரம் செல்போன்கள் கூடியிருப்பதைக் கண்டு பரவசப்பட்டு, ‘வரலாறு காணாத தேவைப் பகுதி’ என்று சிவப்பு வட்டம் போட்டது. திருச்சியில் இருந்த அத்தனை இணைகரம் வண்டிக்காரர்களையும் அங்கே போகச் சொன்னது. வேணி வீட்டுக்கு ஆறு மணிக்கே போகலாம் என்றிருந்தவரை, ‘தேவைப் பகுதியின் மையத்தில் காத்திருக்கவும்’ என்று நிறுத்திவைத்தது. அவர் காத்திருந்தார். அவரைச் சுற்றி முப்பது வண்டிக்காரர்கள், தங்களில் யாருக்கும் ஒரு ஆர்டரும் வராத போனைப் பார்த்தபடி, தேர் பார்க்க வந்த கூட்டத்துக்கு இடைஞ்சலாக நின்றிருந்தார்கள்.

அழைப்பு வந்தபோது மணி ஏழு. ஓடினார். வேணி கதவோரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரவெல்லாம் முயன்று எடுத்த பால். பாட்டில் நிறைந்திருந்தது.

“போயிருமாண்ணே?”

“அதுக்குத்தானம்மா நான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டு, சிரித்துப் படமெடுத்து, பெட்டியோடு தெற்கு வாசலுக்கு வந்தார்.

வாசலுக்கு வெளியே தெற்குச் சித்திரை வீதி நிறைய மனிதர்கள். வடம் பிடித்தவர்கள் நான்கு வரிசை. கிழக்கு முனையில் தேர் ஒரு மலை எழுந்து வருவதுபோல வந்துகொண்டிருந்தது. வீதிக்கு எதிர்ப்பக்கம், வெளிவாசலை ஒட்டி, ஒரு டீக்கடைப் பெஞ்சின்மேல் ஏறி நின்று நசுருதீன் கையை ஆட்டினார். மாமியார் அவரையும் பாலத்திலிருந்து இழுத்துவந்திருந்தது. அவர் வண்டி மட்டும் புண்ணியவசமாகப் போலீஸ் தடுத்து வெளியே நின்றுவிட்டது.

இடையில் அறுபது அடி. போலீஸ்காரர் கயிற்றைத் தாண்டவே விடவில்லை. “வடம் போயிட்டு இருக்குய்யா, மிதிபடப் போறியா? தேர் தாண்டட்டும், நில்லு.” தேர் தாண்டி, கூட்டம் கலைய ஒன்றரை மணி நேரம் ஆகும். மணி ஏழு நாற்பது.

அப்போது போன் அடித்தது. செந்தமிழன்.

“பீமராவ் சார், உங்க முன்னாடி ஒரு பெரிய வாகனம் மெதுவாப் போறதா சிஸ்டம் காட்டுது. கூட நாலாயிரம் பேரு ஒரே திசையில நகர்றாங்க. எந்தக் கம்பெனி அது?”

“சார், அது தேரு.”

“பேரு இருக்கட்டும். ஓனர் யாரு?”

“உள்ள உக்காந்திருக்காரு சார்.”

“ஓனரே வண்டியிலயா? சரக்கு எவ்வளவு?”

“அவருதான் சார் சரக்கு.”

மேலாளர் எதையோ குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. “ஒரு சரக்குக்கு நாலாயிரம் ஆளா! எங்க டெலிவரி?”

“எல்லா வீட்டு வாசலுக்கும் சார். மூணு மணி நேரத்துல நாலு வீதியும் சுத்தி, கிளம்புன இடத்துக்கே வந்துருவாரு.”

“அப்போ ரிட்டர்ன் ஆர்டர்! மூணு மணி நேரம், நாலாயிரம் பேரு, கடைசியில ரிட்டர்ன். பாத்தீங்களா, சிஸ்டம் இல்லாம மனுஷங்களை விட்டா இப்படித்தான். சரி, நீங்க விதிப்படி நசுருதீன் வர்றவரைக்கும் அசையக்கூடாது. ரெண்டு மீட்டருக்குள்ள வந்து, ரெண்டு பேரும் சிரிச்சாத்தான் கைமாற்று செல்லும்.”

“சார், பச்சைப் புள்ளைக்குப் பாலு. ஒம்பது மணிக்கு…”

“தாமதமானா மன்னிப்புக் கேட்டுக்கலாம். அதுக்குத்தான் நீங்க இருக்கீங்க.”

‘அதுக்குத்தானம்மா நான் இருக்கேன்.’ இதே வார்த்தையை அரை மணிக்கு முன் தன் வாயாலேயே வேணியிடம் சொன்னது நினைவுக்கு வர, பீமராவுக்கு உடம்பு கூசியது. ஆறு மணிக்கே போயிருந்தால் இந்நேரம் பால் பாலத்தைத் தாண்டியிருக்கும். தடுத்தது தேரும் அல்ல, போலீஸும் அல்ல. இரண்டு மதிப்பெண். பெருமாளே, என்னைப்போல ஒரு முட்டாளை உன் வீதியில் பார்த்திருக்கிறாயா என்று தேரைப் பார்த்துக் கேட்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

கடைசி வடத்தில் கைவைத்திருந்த ஒரு பெண்மணி திரும்பிப் பார்த்தாள். தலையில் சும்மாடு கட்டிய கிராமத்து அம்மாள். பின்னால் யாரோ “வெள்ளையம்மா, கயித்த விட்டுறாத” என்றார்கள்.

“என்னா சாமி, அழுவுற? கையில என்னா?”

“பாலும்மா. குறைமாசப் புள்ளை, ஆஸ்பத்திரியில இருக்கு. தாயி இங்க இருக்கா. ஒம்பது மணிக்குள்ள போவணும். அதோ, அந்தப் பெஞ்சு மேல நிக்கிறாரு பாருங்க, அவரு கையில குடுத்துட்டாப் போதும்.”

“இம்புட்டுத்தானா? இதுக்கா நிக்கிற?” என்றாள் வெள்ளையம்மாள். வடத்திலிருந்து ஒரு கையை எடுத்துப் பெட்டியை வாங்கிக்கொண்டாள். “இந்தாப்பா, புள்ளைப் பாலு! பெஞ்சு மேல நிக்கிற ஆளுக்கு! சாய்க்காதீங்க!”

பெட்டி தலைகளுக்கு மேலே ஏறியது. அவளிடமிருந்து ஒரு மொட்டைத்தலைக்காரர், அவரிடமிருந்து வடத்தின் அந்தப் பக்கத்தில் இருந்தவர், அவரிடமிருந்து நெற்றியில் நாமம் போட்ட ஒரு கல்லூரி மாணவி. “புள்ளைப் பாலு, பாத்து!” “பாலு, பாலு, மேல தூக்கு!” ஒருவர் வாங்கியதும் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்தவரிடம் கொடுத்தார். அதைப் பார்த்து அடுத்தவரும் ஒற்றிக்கொண்டார். யாரும் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. யாரும் சிரித்துக் காட்டவில்லை. உப்புப் பாக்கெட்டின் கனத்தில் ஒரு கை மட்டும் சற்றுத் தாழ்ந்து, உடனே வேறு மூன்று கைகள் அடியில் வந்து தாங்கின. தடுத்து நின்ற போலீஸ்காரரே எட்டி வாங்கி அடுத்த கைக்குத் தள்ளினார். நான்கு வடத்தையும் தாண்டி, பெட்டி நசுருதீனின் கைக்குப் போய்ச்சேர இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“அல்லா!” என்று அவர் கத்தியது இங்கே கேட்டது. பெஞ்சிலிருந்து குதித்து ஓடினார்.

பீமராவ் வெறுங்கையோடு நின்றார். வெள்ளையம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “கை சும்மாத்தானே இருக்கு சாமி? வந்து புடி.” அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு வடத்தைப் பிடித்தார். பைக்குள்ளிருந்து மாமியார், ‘நீங்கள் தவறான திசையில் செல்கிறீர்கள்’ என்று மேலவீதி திரும்பும்வரை சொல்லிக்கொண்டே வந்தது.

மறுநாள் நண்பகல் காட்டூரில் விசாரணை. செந்தமிழன் முன்னால் ஒரு காகிதக் கட்டு இருந்தது.

“தேர் வீடியோவைப் பாத்து எண்ணிட்டோம், எண்பத்திமூணு கை மாறியிருக்கு. எண்பத்தி ஒண்ணு பதிவு இல்லாத கை. ஒரு சிரிப்புக்கூட ரெக்கார்டு ஆகலை.”

“பால் எட்டு நாப்பதுக்குப் போயிருச்சுங்க.”

“போயிருச்சு சார். ஆனா எப்படிப் போச்சு? நாளைக்கு ஜனங்க இதுக்குப் பழகிட்டா? ஒருத்தருக்கு ஒருத்தர் தானாவே எடுத்துக் குடுக்க ஆரம்பிச்சுட்டா, கூட்டு விநியோகம்னு ஒண்ணு எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா?” குரலைத் தாழ்த்தி, உண்மையான வருத்தத்தோடு சொன்னார். “நீங்க காட்டினது மனிதாபிமானம். நல்லதுதான், வீட்டுல வச்சுக்கோங்க. இங்க நமக்கு வேண்டியது மனிதப் பங்கு. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.”

கேடயத்தைத் திருப்பித் தரவேண்டும் என்றார். அத்தோடு, பீமராவ் மறுபடியும் மனிதர்தான் என்று நிரூபிக்க ஒரு பரீட்சை. மேசைமேல் ஒரு திரையை நிமிர்த்தி வைத்தார்கள். அவர் முகத்தைக் காமிராவில் காட்டியபடியே பதில் சொல்லவேண்டும். முதல் கேள்வி: ‘கீழுள்ள படங்களில் சரக்கு வாகனங்களைத் தொடவும்.’ லாரி, வேன், ஸ்கூட்டர், ஒரு தென்னைமரம். எல்லாவற்றையும் சரியாகத் தொட்டார். தென்னைமரத்தை விட்டுவிட்டார். கடைசியாக, ‘புன்னகைக்கவும்’ என்று வந்தது. பல்லை மறைத்து, உதட்டைப் பிரித்தார். நாற்பது. ‘மீண்டும் முயலவும்.’ முப்பத்தெட்டு.

வாசலில் படிகளைத் தடதடவென்று மிதிக்கும் சத்தம். நசுருதீன் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

“அண்ணே, முப்பத்தஞ்சு! இறங்குனது போக மேல பத்து! நர்ஸம்மா சொல்லச் சொல்லுச்சு!”

பீமராவின் முகம் அவரைக் கேட்காமலே மலர்ந்தது. பல் முழுசாக வெளியே வந்தது. கண் சுருங்கி, காதுவரை போனது சிரிப்பு. திரை பளிச்சென்று தொண்ணூற்றேழு காட்டியது. செந்தமிழனே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

அடுத்த கணம் திரை சிவந்தது. ‘எச்சரிக்கை. பதிவில் உள்ள முகத்துடன் இந்த முகம் பொருந்தவில்லை. பீமராவ் என்பவரின் கணக்கை வேறு யாரோ பயன்படுத்துகிறார். கணக்கு முடக்கப்படுகிறது.’

“சார், இது நான்தான் சார்” என்றார் பீமராவ், இன்னும் சிரித்தபடி.

“சிஸ்டம் இல்லைங்குதே” என்றார் செந்தமிழன், நிஜமாகவே குழம்பி.

அன்று சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட அனுசுயா, பெருமாள் படத்துக்குப் பக்கத்திலிருந்து கேடயத்தை எடுத்துத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள். “குடுத்துட்டு வாங்க. இனிமே பன்னெண்டு மாசமும் நீங்கதான்” என்றாள்.

மறுநாள் விடிவதற்குள் பீமராவ் போன் இல்லாமல் மேல உத்திர வீதிக்கு நடந்தார். வேணி பெட்டியோடு தயாராக நின்றாள். பழக்கத்தில் உப்பையும் கட்டியிருந்தாள்.

“ஆர்டர் போட்டா உங்க பேரே வரலையேண்ணே. வேற யாரோ பத்து மணிக்கு வருவாங்கன்னு காட்டுது.”

“அவங்க வரட்டும்மா. அவங்ககிட்ட இதைக் குடுத்தனுப்பு” என்று உப்புப் பாக்கெட்டை அவிழ்த்து அவளிடமே கொடுத்தார். பால் பெட்டியைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். எவ்வளவு லேசாக இருந்தது! நசுருதீன் கோபுரத்துக்கு வெளியே காத்திருப்பார். இரண்டே கைதான், விதிக்கு ஒன்று குறைவு.

தெற்கு வாசலைத் தாண்டிச் சித்திரை வீதியில் கால் வைத்தபோது, மேற்கே அந்த மதில் இடைவெளி கண்ணில் பட்டது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு அகல் எரிந்துகொண்டிருந்தது. தேருக்கு வந்தவர்கள் செவ்வரளிச் சரம்கூடச் சார்த்தியிருந்தார்கள். அங்கே இருப்பது ஒன்றுமில்லை, வழி தெரிந்தும் வழி கேட்டு நின்ற ஒரு மடையனின் பத்து நிமிடம்தான் என்பது உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஐம்பது அடி நடந்து போய், பெட்டி சாயாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் மதிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று, குழந்தையின் பெயரில் இன்னொரு தரமும் ஒற்றிக்கொண்டு ஓடினார்.